முட்டி மடங்காதவருக்கு வீட்டிலும் வயலிலும் வேண்டியவை

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் சம்பா நடவு மும்முரமாகும்போது, ஒரு காலத்தில் நாற்று நடுவதில் வேகக்காரி என்று பெயரெடுத்த பெண்கள் சிலர் வரப்போடு நின்றுவிடுகிறார்கள். சேற்றில் இறங்க மனமில்லாமல் இல்லை. குனிந்தால் நிமிர முடிவதில்லை. பண்ருட்டிப் பக்கம் வருடக்கணக்கில் முந்திரிக்கொட்டை உடைத்த கைகளுக்கு விரல் மடங்குவதில்லை. மூட்டுவலிக்குத் தைலம் சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. எழுந்தது முதல் படுக்கும் வரை இவர்களுக்கு வேறு என்ன வேண்டும் என்று கேட்பவர்தான் குறைவு.

சொல்லக் கூச்சப்படும் தேவையிலிருந்தே தொடங்கலாம். குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறைதான் பெரும்பாலான கிராமத்து வீடுகளில் இருக்கிறது. எழ முடியாதே என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. இதற்காகக் கழிப்பறையை இடித்துக் கட்ட வேண்டியதில்லை. இருக்கும் பீங்கானுக்கு மேலே வைத்து உட்காரும் துளையிட்ட ஸ்டூல் கடையில் கிடைக்கிறது. பக்கத்துச் சுவரில் பிடித்து எழ ஒரு இரும்புக் குழாயைச் சிமென்ட் வைத்து இறுக்கிவிட்டால் போதும். கொத்தனாருக்கு அரை நாள் வேலை. தண்ணீர்க் குழாயையே பிடித்து எழுந்தால் ஒருநாள் அது கையோடு வந்துவிடும்.

நம் வீடுகளில் பாதி வேலை தரையில்தான் நடக்கிறது. அடுப்பு, அரிவாள்மனை, சாப்பாடு, பாய் எல்லாமே தரைமட்டம். அடுப்பை மேடையேற்றுவதும், காய் நறுக்க மேசையும் கத்தியும் வைத்துக்கொள்வதும் பெரிய செலவில்லை. தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் படுத்தால் எழுவது கடினம். கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் உயரமும் கூடும், உறுதியும் கூடும். திருகு குழாயை மாற்றி, தட்டினால் திறக்கும் கைப்பிடிக் குழாய் போடலாம். அரிவாள், களைக்கொத்துப் பிடிகளில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றினால் பிடி தடிமனாகும், விரலை இறுக்க வேண்டியிருக்காது.

வயலில், வரிசை நடவு செய்திருந்தால் கோனோ வீடரை நின்றபடியே தள்ளிக் களையெடுக்கலாம். முட்டிவலிக்காரருக்கு இது உதவும். மணிக்கட்டு வீங்கியவருக்கு உதவாது; களிமண் சேற்றில் அதைத் தள்ளுவது தோளையும் வாட்டும். அவருக்கு விதைநேர்த்தி, கணக்கு, காவல் போன்ற வேலைகளைக் கொடுக்கலாம். காலையில் மூட்டு விறைப்பு விட நேரமாகும் என்பதால் சற்றுத் தாமதமாக வர அனுமதிப்பதும் உதவிதான். அதைச் சோம்பல் என்று எண்ணிவிடக்கூடாது.

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கட்டணம் போனது, படியின் உயரம் போகவில்லை. ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி நிறுத்தினாலே பாதிக் கஷ்டம் தீரும். ரேஷன் கடைக்குப் போக முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் வரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது.

கடலூர் கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்ததை யாரும் மறக்கவில்லை. புயல் முகாம் என்றால் பள்ளிக்கூடத் தரைதான். அங்கே தரையில் படுத்து எழ முடியாதவர்கள் யார் யார் என்று மழைக்காலத்துக்கு முன்பே ஊராட்சியில் சொல்லி வைத்தால், நாலு பெஞ்சையாவது ஒதுக்கி வைக்க முடியும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் மூட்டுவாதம் என்று தனியாக இல்லை. ஆனால் மூட்டு அசைவு இழந்ததை இயக்கக் குறைபாடாக அளந்து, 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சலுகைகளுக்கான சான்று பெறலாம். சான்று கிடைக்காத 60 வயதுக்கு மேற்பட்ட ஏழைகளுக்கு, ஊன்றுகோல், வாக்கர் போன்றவற்றை இலவசமாகத் தரும் மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் இருக்கிறது. இது முகாம் வைத்துத்தான் வழங்கப்படும். அடுத்த முகாம் எப்போது என்று திங்கட்கிழமை குறைதீர் நாளில் கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகவே கேட்கலாம். போகும்போது ஆதார் நகலும் ரேஷன் அட்டை நகலும் கையில் இருக்கட்டும்.