எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள்?



ஓர் ஆராய்ச்சிக்கு உதவுமுன், “அந்த டாக்டர் எத்தனை கட்டுரைகள் எழுதியிருக்கிறார்? எத்தனை பேர் அவற்றை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்?” என்று உங்களில் சிலர் எங்களைக் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

ஒருவர் எழுதியதைப் பின்னால் வரும் ஆராய்ச்சியாளர் தம் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டுவதே மேற்கோள். இவற்றைத் தொகுத்து யூஜின் கார்ஃபீல்ட் 1964இல் அட்டவணையாக வெளியிட்டார். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ‘எச்’ எண்ணைக் கொண்டுவந்தார். 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20.

இந்த எண்ணிக்கையை மட்டும் நம்பலாமா? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ஆலிவர் லவ்ரியும் உடன் உழைத்தவர்களும், ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை 1951இல் எழுதினார்கள். 2014க்குள் அது 3 லட்சம் தடவைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. வேறெந்தக் கட்டுரையும் அதை எட்டவில்லை. ஆனால் அது பெரிய கட்டுரையல்ல என்று லவ்ரியே ஒப்புக்கொண்டார். எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் தினமும் தேவைப்பட்ட முறை, அவ்வளவுதான்.

குழந்தைகளை வாட்டும் ரோட்டா வைரஸுக்கான இந்தியச் சொட்டு மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். வேலூரில் அதைச் செய்தது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 2014இல் வந்த அக்கட்டுரையின் மேற்கோள்கள் லவ்ரிக்குப் பக்கத்தில்கூட வரமாட்டா. ஆனால் ரோட்டா வைரஸால் வரும் கடும் வயிற்றுப்போக்கு பாதிக்குமேல் குறைவதை அது காட்டியது. 2016இல் அம்மருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது.