நிலப்பயன்பாடுகளுக்கு இடையிலான தொடர்பு: வயல், பட்டி, வாவி

மாணவர்களே, நிலப்பயன்பாடு பற்றிய வினா வந்தால் வயல், காடு, மேய்ச்சல் தரை, நீர்நிலை என்று பெயர்களை வரிசையாக எழுதிவிட்டுப் பலர் நிறுத்திவிடுகின்றனர். "தொடர்பை விளக்குக" எனக் கேட்டால் அது போதாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு என்ன செல்கிறது, எப்போது செல்கிறது, அதை யார் தீர்மானிக்கின்றனர் என்பவற்றை எழுத வேண்டும்.

யப்பானின் மரபுவழிக் கிராம நிலத்தோற்றம் 'சத்தோயாமா' எனப்படும். அங்கு காட்டுச் சருகு வயலுக்குப் பசளையாயிற்று. கரி சுடுவதற்கு மரங்களை வேரோடு அழிக்காமல் தறித்தனர். அடிக்கட்டை மீண்டும் தளிர்த்தது. இரசாயனப் பசளையும் எரிவாயுவும் வந்த பின்னர் இக்காடுகள் பல கவனிப்பாரற்றுப் போயின. இத்தகைய நிலத்தோற்றமுள்ள நோட்டோ தீபகற்பத்தை உலக உணவு விவசாய நிறுவனம் 2011 இல் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

இனி எமது மாவட்டத்துக்கு வருவோம். மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் குடியிருந்துகொண்டு, வாவியைக் கடந்து படுவான்கரையில் வயல் செய்வோர் பலர். பெரும்போக அறுவடை முடிந்ததும் மாடுகள் வயலில் இறங்கி வைக்கோலையும் அரிதாளையும் மேயும். அவற்றின் சாணமும் சலமும் அடுத்த போகத்துக்குப் பசளையாகும். மீண்டும் விதைப்புக் காலம் வரும்போது பட்டிகள் மேற்கேயுள்ள காட்டோர மேய்ச்சல் தரைகளுக்குச் செல்ல வேண்டும். விதைப்புத் திகதி, நீர் திறக்கும் திகதி என்பவற்றோடு மாடுகளை அகற்றும் திகதியும் போக ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும். வயற்கண்டத்தில் இவற்றைக் கண்காணிப்பவர் வட்டவிதானை.

ஆகவே மேய்ச்சல் தரையை 'சும்மா கிடக்கும் நிலம்' என எழுதவே கூடாது. அது இல்லாவிட்டால் மாடுகள் வேளாண்மைக்குள் நிற்கும், அல்லது பட்டியை விற்க நேரும். பட்டி போனால் பாலும் தயிரும் மட்டுமா போகும்? வயலின் பசளையும் போகும். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையில் வெளியார் பயிர் செய்வதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியதற்குக் காரணம் இதுவே.

வாவிக்கும் வயலுக்கும் உள்ள தொடர்பு சற்றுச் சிக்கலானது. மாரியில் வாவி நீர் உயர்ந்தால் கரையோர வயல்கள் மூழ்கும். அப்போது முகத்துவார மணற்றிடலை வெட்டிவிடுமாறு விவசாயிகள் கேட்பர். முன்கூட்டியே வெட்டினால் இறால் வளருமுன் கடலுக்குப் போய்விடும் என்பர் மீனவர். இரு பகுதியினரதும் நியாயத்தை எழுதும் விடையே சிறந்தது.

வடக்கே கதிரவெளி, வாகரைப் பக்கத்தில் இந்த இரு பகுதியினரும் சிலவேளை ஒரே வீட்டிலேயே இருப்பர்! மாரியில் கடல் கொந்தளிக்கும்போது வயலும் சேனையும். கடல் அடங்கியதும் கடலிலும் களப்பிலும் மீன்பிடி. பருவம் பார்த்துக் காட்டில் தேன். இதை ஒரு வருட நாட்காட்டியாக வரைந்து காட்டலாம்.

பயிற்சி வினா: உமது கிராமத்தின் ஏதேனும் இரு நிலப்பயன்பாடுகளைக் குறிப்பிட்டு, அவற்றுள் ஒன்று அழிந்தால் மற்றையதற்கு ஏற்படும் விளைவுகள் மூன்றினை விளக்குக.