பன்னிரண்டாயிரத்தில் ஒரு டேப்

பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் விற்கும் டேப்லெட்டில் எல்லாமே நன்றாக அமைய வழியில்லை. திரையைப் பெரிதாகக் கொடுத்தால் சிப்பில் மிச்சம் பிடித்திருப்பார்கள். சிப் நன்றாக இருந்தால் திரையில் கை வைத்திருப்பார்கள். எங்கே குறைத்திருக்கிறார்கள், அந்தக் குறை வாங்குபவரின் வேலைக்கு இடைஞ்சல் செய்யுமா என்ற இரண்டு கேள்விகளுக்குள் விஷயம் அடங்கிவிடும்.

ஒரே விலையில் வந்த இரண்டு டேப்களை அருகருகே வைத்தால் இது கண்கூடு. 2023 அக்டோபரில் சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 இங்கே வந்தபோது அதன் வைஃபை மாடல் 12,999 ரூபாய். 2024 ஏப்ரலில் வந்த ரெட்மி பேட் எஸ்இயின் ஆரம்ப விலையும் அதே 12,999. இரண்டிலும் ரேம் 4 ஜிபி. சாம்சங்கின் திரை 8.7 அங்குலம், 1340×800 புள்ளிகள், எடை 332 கிராம். ரெட்மியில் 11 அங்குலம், 1920×1200 புள்ளிகள், 478 கிராம். சேமிப்பிடம் சாம்சங்கில் 64 ஜிபி, ரெட்மியில் 128. இவ்வளவையும் படித்தவர் ரெட்மியை எடுத்துக்கொண்டு பில் போடச் சொல்லிவிடுவார். ஆனால் சாம்சங்கில் இருக்கும் ஹீலியோ ஜி99 சிப், ரெட்மியின் ஸ்னாப்டிராகன் 680-ஐவிட வேகமானது. பஸ்ஸில் ஒரு கையில் பிடித்துப் படிப்பவருக்கு ஏ9 வசதி. மேஜையில் சாய்த்து வைத்துப் பாடம் பார்ப்பவருக்கு மற்றது.

விலையை மட்டும் இலக்காக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, மாணவர்களுக்காக வந்த ஆகாஷ் டேப் சாட்சி. 2011 அக்டோபர் 5-ஆம் தேதி அன்றைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் அதை டெல்லியில் வெளியிட்டார். டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரித்தது. அரசு கொடுத்த விலை 2,276 ரூபாய். 7 அங்குலத் திரை, 256 எம்பி ரேம், 366 மெகாஹெர்ட்ஸ் சிப், ஆண்ட்ராய்டு 2.2. திரை அழுத்தினால்தான் உணரும் ரகம். இன்றுபோல மெல்லத் தொட்டால் போதாது. பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஓராண்டுக்குப் பிறகு, 2012 நவம்பரில் ஆகாஷ் 2 வந்தபோது தொடுதிரை, சிப், ரேம், பேட்டரி என எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தலைப்புச் செய்தி கிடைத்தது. மாணவர்கள் தினமும் எடுத்துப் படிக்கும் பொருள் கிடைக்கவில்லை.

ஆகவே முதலில் முடிவாக வேண்டியது வேலை. மயிலாப்பூரில் ஒரு வீட்டில் டேப்பின் முழுநேர வேலை, காலையில் இ-பேப்பர், மாலையில் யூடியூப் கச்சேரி, இரவில் அமெரிக்காவில் இருக்கும் பேரனோடு வீடியோ கால் என்று இருக்கும். அடையாறில் ஒரு மாணவிக்கு என்பிடிஇஎல் இணையப் பாடங்களைப் பார்க்கவும் பிடிஎஃப்-இல் கோடு போட்டுப் படிக்கவும் வேண்டும். பாட்டு கற்றுக்கொள்பவருக்குச் சுருதிப் பெட்டி ஆப் ஓடினால் போதும். இந்த வேலை எதற்கும் விலை உயர்ந்த சிப் தேவையில்லை. புரோகிராமிங், நீண்ட கட்டுரை, எக்ஸெல் என்றால் டேப்பையே விட்டுவிட்டு, கொஞ்சம் பணம் சேர்த்து லேப்டாப் வாங்குவது நல்லது. தமிழக அரசின் 2025–26 பட்ஜெட் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அறிவித்ததும் ‘டேப் அல்லது லேப்டாப்’ என்றுதான்.

படிப்பதற்கென்று வாங்குபவர் திரைக்குத்தான் முதலிடம் தர வேண்டும். தமிழ் படிப்பவருக்கு இது இன்னும் அவசியம். கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஸ்கேன் செய்த பக்கங்களாகக் கிடைக்கின்றன. ஸ்கேன் செய்த பக்கம் என்பது படம். எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது, பக்கத்தையே பெரிதாக்கி இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். தமிழ்ப் பதிப்பகங்கள் வழக்கமாக அச்சிடும் டெமி அளவுப் புத்தகத்தின் பக்கம் சுமார் ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். 11 அங்குல டேப்பை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் கிட்டத்தட்ட 5.8 அங்குலம், பக்கம் அதன் அசல் அளவிலேயே உட்காரும். 8.7 அங்குல டேப்பில் அகலம் நாலரைதான். பக்கம் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். பழைய அச்சில் ஏற்கெனவே மங்கிய மெய்யெழுத்துப் புள்ளி அங்கே காணாமல் போகும். பள்ளிப் பாடப்புத்தகத்தின் பக்கம் டெமியைவிடப் பெரியது என்பதால் அதற்கும் பெரிய திரையே உகந்தது. நாவல் படிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை: இபப் வடிவில் இருக்கும் நூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும்.

அளவோடு புள்ளி எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். பத்து அங்குலத் திரையில் 1280×800 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 150 புள்ளிகள். எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். 1920×1200 என்றால் 220-ஐத் தாண்டும். கடையின் விளக்கு வெளிச்சத்தில் எல்லாத் திரையும் பளபளக்கும். வாசல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, சாய்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். சாய்த்ததும் நிறம் வெளுத்தால் அது மட்டமான திரை.

அடுத்தது ரேம். இன்றைய ஆண்ட்ராய்டுக்கு 4 ஜிபி குறைந்தபட்சம். 6 கிடைத்தால் இரண்டு வருடம் கூடுதலாக ஓடும் என்று எதிர்பார்க்கலாம். பெட்டியில் ‘8 ஜிபி’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே பொடி எழுத்தில் ‘4+4’ என்று அச்சிட்டிருந்தால் உள்ளே இருப்பது நான்குதான். மீதி நான்கு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. சேமிப்பிடம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. பெயர் கேள்விப்படாத கம்பெனியின் டேப் ஐயாயிரம் ரூபாய்க்கு 12 ஜிபி ரேமும் 512 ஜிபி சேமிப்பிடமும் தருகிறது என்றால் அந்த எண்களை நம்ப வேண்டியதில்லை. சேமிப்பிடத்தில் 64 ஜிபி என்றால் கணிசமான பகுதியை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும். மெமரி கார்டு போட இடம் இருந்தால் அந்த 64 போதும்.

விளம்பரத்தில் வராத சில விஷயங்களும் உண்டு. வைட்வைன் எல்1 என்ற வீடியோ பாதுகாப்புச் சான்று இல்லாத டேப்பில், திரை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களில் படம் மங்கலாகத்தான் ஓடும். டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவச ஆப் இதைக் காட்டிவிடும். தமிழகப் பாடப்புத்தகங்களில் இருக்கும் க்யூஆர் கோடுகளைப் பிடிக்கப் பின்பக்கக் கேமரா தானாக ஃபோகஸ் செய்ய வேண்டும். மலிவு டேப்கள் பலவற்றில் ஃபோகஸ் நிலையானது, கோடு கிட்டத்தில் மங்கும். ஒற்றை ஸ்பீக்கர் டேப்பில் மிருதங்கத்தின் தொப்பி நாதம் கேட்கவே கேட்காது. ஹெட்போன் துளை இருந்தால் இந்தக் குறையைச் சமாளிக்கலாம்.

சிம் போடும் மாடல் வழக்கமாகச் சில ஆயிரம் கூடுதல். வீட்டில் வைஃபை இருந்து, வெளியே போனின் ஹாட்ஸ்பாட் கிடைக்குமானால் அது வீண் செலவு. வைஃபை மாடல்கள் பலவற்றில் ஜிபிஎஸ் இருக்காது என்பதை மட்டும், காரில் வழி பார்க்க நினைப்பவர் கவனிக்க வேண்டும்.

ஆயுளை நிர்ணயிப்பது பெரும்பாலும் சாஃப்ட்வேர் அப்டேட். அது நின்றபின் வங்கி ஆப்கள் ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்கத் தொடங்கும். செட்டிங்ஸில் செக்யூரிட்டி அப்டேட் தேதி ஒரு வருடத்துக்கு முந்தையதாக இருந்தால் அந்த மாடலைக் கம்பெனி கைகழுவிவிட்டது என்று கொள்ளலாம். ஆடித் தள்ளுபடியில் உஸ்மான் ரோடு கடைகள் பாதி விலைக்குத் தள்ளும் சரக்கில் இப்படிப்பட்டவை கலந்திருக்கும். இந்த விஷயத்தில் ஐபேடுக்கு ஈடில்லை. 2019-இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேடுக்கு 2024-இன் ஐபேட்ஓஎஸ் 18 வரை கிடைத்தது. ஆனால் புது ஐபேட் இந்த பட்ஜெட்டுக்குள் வராது.

தி.நகர் ஷோரூமில் எடுத்துப் பார்க்கலாம். மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசலாம். எங்கே வாங்கினாலும் சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் வேண்டும். “பில் போட்டா 18 பர்சன்ட் கூட வரும் சார்” என்று கடைக்காரர் இழுத்தால், பில் இல்லாமல் வாரண்டியும் இல்லை என்று அர்த்தம். பெட்டியிலோ டேப்பிலோ ஐஎஸ்ஐ சான்று தரும் பிஐஎஸ் அமைப்பின் முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். டேப்லெட்டுக்கு இந்தப் பதிவைக் கட்டாயமாக்கியது 2012-இல் பிறப்பித்த உத்தரவு. பிஐஎஸ் கேர் ஆப்பில் எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் யார் என்று தெரியும். சிங்கப்பூர், துபாயிலிருந்து உறவினர் கொண்டுவரும் டேப்புக்குப் பெரும்பாலும் இங்கே வாரண்டி செல்லாது. வாங்கிய டேப்பில் தகராறு தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பட்ஜெட் பத்துக்கும் கீழே என்றால் செகண்ட் ஹேண்ட்தான் வழி. பழைய டேப்பில் முதலில் போவது பேட்டரி: அரைமணி நேரம் வீடியோ ஓடவிட்டு எத்தனை சதவீதம் இறங்குகிறது, முதுகு எவ்வளவு சுடுகிறது என்று பார்த்தால் நிலவரம் தெரியும். திரை ஒருமுறை மாற்றியதா என்று கேட்பதும் தவறில்லை. ஓரத்தில் பசைத் தடம் இருந்தால் கேட்கவே வேண்டாம். இதைவிட முக்கியமானது பழைய சொந்தக்காரரின் கணக்கு. அவருடைய கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்காமல் ரீசெட் செய்த டேப், அவருடைய பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது. விற்பவரைக் கண்ணெதிரிலேயே கணக்கை நீக்கச் சொல்லி, ரீசெட் செய்து, வாங்குபவர் தன் கணக்கில் ஒருமுறை திறந்து பார்த்த பிறகு பணம் கொடுத்தால் போதும்.