தோடம்பழத் தோலை எப்படிக் காய வைப்பது?

வீட்டிலிருந்தே சிறுதொழில் செய்ய நினைக்கும் பெண்கள் என்னிடம் தோடம்பழத் தோல் பற்றிக் கேட்பதுண்டு. வெளித்தோலில் இருப்பது வாசனை எண்ணெய். அதில் பெரும்பகுதி லிமோனீன். உள்ளே உள்ள வெள்ளைப் பகுதியில் ஜாமை இறுக வைக்கும் பெக்டின் இருக்கிறது.

வன்னியில் வெயில் தாராளம். ஆனால் நேர்வெயிலில் வாசனை போய்விடும், நிழற்காற்றே நல்லது. தெல்தோட்டை மழையிலோ தோல் காயுமுன் பூஞ்சணம் பிடிக்கும். அங்கு அருகிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், மண் அடுப்பின் கரித்தணல்மேல் கம்பித்தட்டு வைத்து, உருட்டிய கொழுந்தை உலர்த்தினார். தோலுக்கும் அது பொருந்தும்: மெல்லியதாக நறுக்கி, புகையில்லாத் தணலுக்கு உயரே, கை பொறுக்கும் சூட்டில். வளைந்தால் இன்னும் ஈரம். ஒடிந்தால் ஆறவிட்டுப் போத்தலில் அடையுங்கள். ஒரு பொதியில் பூஞ்சணம் கண்டாலும் கடைக்காரர் மறுமுறை வாங்கமாட்டார். மெழுகு பூசிய இறக்குமதிப் பழத்தின் தோல் வேண்டாம். வீட்டு மரத்துத் தேசிக்காய், நாரத்தங்காய்த் தோல் போதும்.