கடலுக்குள் மூச்சை அடக்காதீர்கள்

தர்மபுரிப் பக்கத்தில் நீச்சல் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கிணற்றிலோ காவிரியிலோ பழகியவர்கள். நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, அடக்கிக்கொண்டு முங்கி, அடிமண்ணை அள்ளி வந்து காட்டுவது அங்கே வீரம். அதே பிள்ளைகள் இன்று புதுச்சேரி, அந்தமான் என்று சுற்றுலா போய் ஸ்கூபா டைவிங் செய்கிறார்கள். கிணற்றில் கைகொடுத்த அந்தப் பழக்கம் ஸ்கூபாவில் உயிருக்கே உலை வைக்கும்.

சிலிண்டரில் இருப்பது என்ன?

வெறும் ஆக்சிஜன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பொதுவாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் காற்றேதான். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2,400 லிட்டர் காற்றை அடைத்திருப்பார்கள். அந்த அழுத்தத்தைக் குறைத்து, மூச்சை இழுக்கும்போது மட்டும் வாய்க்குக் காற்று தருவது ரெகுலேட்டர். 1943-ல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் சேர்ந்து உருவாக்கிய கருவியின் வழிவந்தது இது.

அடக்கினால் என்ன ஆகும்?

கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் இரு மடங்கு. ரெகுலேட்டரும் அதே அழுத்தத்தில்தான் காற்றைத் தரும். அங்கே நுரையீரலை நிரப்பி, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், உள்ளிருக்கும் காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். இதற்கு ஆள் உயர ஆழமே போதும். கிணற்றில் முங்குபவர் மேலே இழுத்த காற்றோடுதான் போய் வருகிறார். அதனால் அவருக்கு இந்த ஆபத்து இல்லை. ஸ்கூபாவில் முதல் விதி: மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மெதுவாக மேலே வாருங்கள்

ஆழத்தில், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் கூடுதலாக ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் அது குமிழிகளாகி மூட்டுவலி, மரத்துப்போதல், பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும். தூத்துக்குடியில் படகுக் கம்ப்ரசரின் குழாய்க் காற்றை நம்பிச் சங்கு குளிக்கும் தொழிலாளர்கள் இந்த வேதனையை அறிவார்கள். எஞ்சின் புகை குழாயில் கலந்தால் கார்பன் மோனாக்சைடு நச்சும் சேரும்.

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வருவது நல்லது.

ஊர் திரும்பும் அவசரம்

உயரம் கூடக் காற்றழுத்தம் குறைவதால், கரையேறிய பிறகும் குமிழிகள் உருவாகலாம். ஒருமுறை மட்டும் இறங்கியவர் விமானம் ஏற 12 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பலமுறை இறங்கியவர் 18 மணி நேரம். புதுச்சேரியில் டைவ் செய்த கையோடு சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டுக்குக் காரை விடுவதும் கூடாது.

யார் தவிர்க்க வேண்டும்?

● வலிப்பு, இதயநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள்
● ஆஸ்துமா இருந்தால், மருத்துவர் சம்மதிக்காமல் இறங்க வேண்டாம்
● சளி, மூக்கடைப்பு இருக்கும் நாளில் யாருமே இறங்க வேண்டாம், செவிப்பறை கிழியலாம்
● மது அருந்தியவர்கள்

இந்த அறிகுறிகளை விடாதீர்கள்

டைவ் முடிந்து ஒரு நாளுக்குள் மூட்டுவலி, தலைசுற்றல், கால் மரத்துப்போதல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி எது வந்தாலும் ‘அலைச்சல்’ என்று தைலம் தேய்த்துப் படுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஊருக்கு வந்த பிறகு என்றாலும், கடலில் டைவ் செய்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். உடனே ஆக்சிஜனும், உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் சிகிச்சையும் கிடைத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.