பந்து கொடுத்தவனைக் கை காட்டு

கோட்டுக்கு வெளியே – 9

மலைக்கிராமமான பேத்துப்பாறையில் சமதளம்தான் சொத்து. காபியும் மிளகும் ஆரஞ்சும் சரிவிலேயே வேர்பிடித்து வளர்ந்துகொள்ளும். வீடு கட்டவும் களம் போடவும் பள்ளிக்கூடம் வைக்கவும் மனுசனுக்குத்தான் தட்டையான இடம் வேண்டியிருக்கிறது. அதெல்லாம் போக மிஞ்சும் துண்டு நிலம் பிள்ளைகளுக்கு. கிரிக்கெட்டுக்கு அது காணாது, கால்பந்து பேச்சே கிடையாது.

அஞ்சுவீடு அருவிப் பக்கம் போய்விட்டுத் திரும்பும் வழியில், அப்படியொரு துண்டு நிலத்தில் ஆறேழு பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். சில்வர் ஓக் மரத்தில் ஒரு பழைய மூங்கில் கூடையைக் கட்டியிருந்தார்கள். காபிப் பழம் சுமந்து சுமந்து அடி இற்றுப்போன கூடை. தோட்டத்துக்கு உதவாமல் போனது ஆட்டத்துக்கு உதவியது. மேல்புறம் மண்மேடு, கீழ்ப்புறம் காபிச் சரிவு. பந்து மேலே போனால் தானாகத் திரும்பி வரும். கீழே போனால் ஆள்தான் போக வேண்டும்.

நான் நின்ற கொஞ்ச நேரத்திலேயே பந்து கீழே போனது. உடனே எல்லாக் கைகளும் ஒரே பக்கம் நீண்டன, இருந்ததிலேயே சின்னப் பையனை நோக்கி. "இவந்தேன்ணே கடைசியாத் தொட்டது!" என்றான் நெட்டையன் ஒருவன், என்னை நடுவராக நியமித்தவன்போல. சின்னவன் மறுபேச்சு பேசாமல் செடிகளுக்குள் இறங்கினான்.

'கை காட்டுவது' என்றால் நம் ஊரில் பெரும்பாலும் மாட்டிவிடுவதுதான். வகுப்பறையில் தொடங்கி அலுவலகம்வரை கைகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கையை அப்படியே திருப்பிவைத்த கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவரைப் பற்றி இந்த வாரம் பேசலாம். அதற்கு முன், கூடை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

*

1891 டிசம்பர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளியே பனி, உள்ளே அடங்காத 18 மாணவர்கள். அவர்களைக் கட்டிமேய்க்க ஓர் ஆட்டம் தேவைப்பட்டது ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியருக்கு. பீச் பழக் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடியோரத்தில், 10 அடி உயரத்தில் அடித்தார். 13 விதிகளை எழுதி ஒட்டினார். அந்தக் கூடைகளுக்கு அடி இருந்தது. பந்து விழுந்தால் மேலே ஏறித்தான் எடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் விழுந்ததே ஒரே ஒரு பந்து என்பதால் பெரிய சிரமமில்லை. அந்த வகையில் பேத்துப்பாறைக் கூடை ஒரு படி முன்னேறியது.

அந்த விதிகளில் ஒன்று முக்கியமானது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். தரையில் தட்டிக்கொண்டே ஓடுவதெல்லாம் பின்னால் வந்த வித்தை. இந்த ஆட்டம் பிறந்தபோதே 'உன்னிடம் வந்ததை அடுத்தவனுக்குக் கொடு' என்றுதான் பிறந்தது.

1898இல் நெய்ஸ்மித் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கூடைப்பந்துப் பயிற்சியாளராக அவருடைய கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்டவர் ஒரே ஒருவர். அவர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரேதான்! ஆனால் அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் அதே கான்சாஸில் பெரும் பயிற்சியாளர் ஆனார். ஆலனின் அணியில் பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஒரு கணித மாணவர், டீன் ஸ்மித். நம் கதாநாயகர் அவர்தான்.

*

ஸ்மித் பிறந்தது 1931இல். அப்பாவும் பள்ளிப் பயிற்சியாளர். கறுப்பின மாணவரைத் தன் அணியில் சேர்த்துக்கொள்ள 1930களிலேயே துணிந்தவர். மகன் 1961இல், தன் 30ஆவது வயதில், வட கரோலினா பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். முதல் பருவத்தில் 8 வெற்றி, 9 தோல்வி. 1965இல் ஒரு தோல்விக்குப் பிறகு அணியின் பேருந்து வளாகத்துக்குள் நுழைந்தபோது, மாணவர்கள் அவருடைய உருவபொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். பேருந்திலிருந்து இறங்கி ஓடி அதைப் பிடுங்கி எறிந்தவர் பில்லி கன்னிங்ஹாம் என்ற ஆட்டக்காரர். தன் பயிற்சியாளருக்காக ஒரு மாணவன் அப்படி ஓடுகிறான் என்றால், புள்ளிப் பட்டியலில் தெரியாத ஏதோ ஒன்று அந்த அணிக்குள் நடந்துகொண்டிருந்தது என்று பொருள்.

என்ன நடந்தது? சின்னச் சின்னப் பழக்கங்கள்தான். கூடை போட்டவன் திரும்பி ஓடும்போது, தனக்குப் பந்து கொடுத்தவனை விரலால் சுட்ட வேண்டும். அரங்கம் கைதட்டுவது போட்டவனுக்கு. அவன் விரல், 'எனக்கல்ல, அவனுக்கு' என்று காட்டும். இன்று உலகமெங்கும் ஆட்டக்காரர்கள் செய்யும் இந்தச் சைகை ஸ்மித்தின் பயிற்சிக்கூடத்தில்தான் வழக்கமாக ஊன்றியது.

இன்னொன்று, களைப்புச் சைகை. மூச்சு வாங்குகிறவன் கை முஷ்டியை உயர்த்திக் காட்டினால் போதும், வெளியே எடுத்துவிடுவார். மறுபடி எப்போது இறங்குவது என்பதை அவனே முடிவுசெய்யலாம். களைப்பை மறைத்து ஆடி மாட்டிக்கொண்டால் அந்த உரிமை போய்விடும். 'முடியவில்லை' என்று சொல்வதை அவமானமாக நினைக்கும் இளைஞர்கள் நடுவில், அதற்குப் பரிசு வைத்தவர் அவர். வெளியே வருகிறவனை பெஞ்ச் மொத்தமும் எழுந்து நின்று வரவேற்க வேண்டும். கடைசி ஆண்டு மாணவர்களின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில், அதுவரை களமிறங்க வாய்ப்பே அமையாதவனும் முதல் ஐவரில் ஒருவனாக நிற்பான். பெஞ்சின் அருமை பெஞ்சில் இருந்தவருக்குத்தானே தெரியும்!

சீனியாரிட்டி விஷயத்தில் கறார். 1981இல் ஒரு புகழ்பெற்ற விளையாட்டு இதழ் அட்டைப்படத்துக்காக முதல் ஐவரைக் கேட்டது. நால்வரை மட்டும் அனுப்பினார். ஐந்தாவது பையன் முதலாமாண்டு, இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்தப் பையன் மைக்கேல் ஜோர்டன். சில மாதங்களில், 1982 இறுதியாட்டத்தில் ஜார்ஜ்டவுன் அணிக்கு எதிராகக் கடைசி நொடிகளில் கூடை போட்டு 63–62 என்று வெல்ல வைத்தவரும் அவரே. ஜோர்டனை 20 புள்ளிக்குள் அடக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான், அது டீன் ஸ்மித் என்று அமெரிக்காவில் ஒரு கேலி உண்டு.

கேலியில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. இத்தனை திறமைசாலிகளை வைத்துக்கொண்டு 36 பருவங்களில் தேசியப் பட்டம் வென்றது 1982, 1993 என இரண்டே முறை. முன்னிலை பெற்றபின் பந்தைக் கொடுத்து வாங்கியே நேரத்தைக் கடத்தும் அவருடைய உத்தியைப் பார்த்துச் சலித்தவர்கள் பலர். கல்லூரி ஆட்டத்தில் இத்தனை நொடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்ற விதி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். குறையே இல்லாத தலைவரை நான் இந்தத் தொடரில் இதுவரை சந்திக்கவில்லை.

ஆனால் ஆட்டக்களத்துக்கு வெளியே அவர் தயங்கியதில்லை. 1966இல் சார்லி ஸ்காட்டைச் சேர்த்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவர். தெற்கு மாநிலங்களின் அன்றைய சூழலில் இது சாதாரண முடிவல்ல. 1997இல் ஓய்வு பெற்றபோது 879 வெற்றிகள், அன்றைக்கு அதுதான் சாதனை. 2015 பிப்ரவரியில் காலமானார். அடுத்த மாதம் அவருடைய பழைய மாணவர்கள் சுமார் 180 பேருக்கு ஒரு கடிதமும் ஆளுக்கு 200 டாலர் காசோலையும் வந்தன. பயிற்சியாளர் கணக்கில் வெளியே போய் நல்லதாக ஒரு சாப்பாடு சாப்பிடுங்கள் என்று உயில் எழுதிவைத்திருந்தார். ஜோர்டனுக்கும் 200, பெஞ்சிலேயே இருந்தவருக்கும் 200.

*

இதெல்லாம் கான்சாஸ் கிளையின் கதை. ஸ்பிரிங்ஃபீல்ட் வேரிலிருந்து இன்னொரு கிளை நம் பக்கம் நீண்டது. முதல் ஆட்டம் ஆடிய மாணவர்களில் ஒருவரான டங்கன் பேட்டன், 1894இல் கூடைப்பந்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். பிறகு அதே ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் படித்த ஹாரி க்ரோ பக் சென்னை வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் பக். 1943இல் மறைந்தார்.

பக் பெயரில் 879 வெற்றி எதுவும் இல்லை. அவர் தயாரித்தது ஆட்டக்காரர்களை அல்ல, ஆசிரியர்களை. அதுவரை பள்ளிகளில் உடற்கல்வி என்றால் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் 'லெஃப்ட், ரைட்' போடுவது. அந்த டிரில் மாஸ்டரின் இடத்துக்கு, கழுத்தில் விசிலும் கையில் பந்துமாக ஒரு பி.டி. வாத்தியார் வந்தார். விசிலை வைத்துக்கொண்டு பந்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறவர். அவர் சொல்லித்தந்த பையன் மாவட்ட அணிக்கு ஆடியபோது செய்தித்தாளில் பையன் பெயர் வந்தது, வாத்தியார் பெயர் வரவில்லை. அவரை யார் கை காட்டினார்கள்?

காட்டிய ஊர்களும் உண்டு. பேத்துப்பாறை இருக்கும் இதே மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிற பெரியகுளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடையில் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. ரயில்வே, கடற்படை, வங்கி அணிகளெல்லாம் அந்தச் சின்ன ஊருக்கு வந்து ஆடுகின்றன. கோப்பை ஒரு மனிதரின் நினைவாகச் சுற்றிவருகிறது. முந்தைய தலைமுறையைக் கை காட்ட ஓர் ஊர் கண்டுபிடித்த வழி அது.

*

பேத்துப்பாறைக்குத் திரும்புவோம். சின்னவன் பந்தோடு மேலே ஏறிக்கொண்டிருந்தான். முழுதாக ஏறி முடிக்கும் முன்பே, கூடைக்குப் பக்கத்தில் நெட்டையன் காலியாக நிற்பதைப் பார்த்துவிட்டான். சரிவிலிருந்தே எறிந்தான். நெட்டையன் எகிறிப் பிடித்து, இறங்கும்போதே கூடைக்குள் போட்டான். ஒரே கூச்சல். எல்லாரும் நெட்டையனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அவன் யாரையும் சுட்டவில்லை. அவனுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. சரி, நாமாவது செய்வோம் என்று கையை நீட்டிச் சின்னவனைக் காட்டினேன். சட்டையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டு நின்றான்.

"நான் என்னண்ணே செஞ்சேன்?" என்றான். குரல் உள்ளே போயிருந்தது.

பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், மேலே வீட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மாவின் குரல்: "ஆனை இறங்குற நேரமாச்சு, வந்து சேருங்கடா!" பந்தை அள்ளிக்கொண்டு பையன்கள் ஓடினார்கள். சின்னவன் மட்டும் இரண்டு முறை திரும்பி என் கையைப் பார்த்துக்கொண்டே போனான்.

(கோட்டுக்கு வெளியே இன்னும் நிற்போம்)