நெருப்புக்குள் உருகாத பிளேட்

2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு 13 மணிநேரத்தைத் தொட்டது. அடுத்த சில நாட்களில் நோன்பும் பிறந்தது. டோர்ச் வெளிச்சத்தில் சஹர் செய்தவர்களுக்கு அந்த இருட்டு நினைவிருக்கும். எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் அப்போது முடங்கியவற்றில் வாயு டர்பைன்களும் அடங்கும்.

இந்த இயந்திரம் நமக்குப் புதிதல்ல. கிபிர் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை நாம். கிபிரைத் தள்ளியதும் வாயு டர்பைன்தான். கெரவலப்பிட்டியில் 300 மெகாவாட் யுகதனவி மின்நிலையத்தில் மின்சாரம் தருவதும் அதுதான்.

உள்ளிழுத்த காற்றை அமுக்கி, எரிபொருள் கலந்து எரித்தால் வரும் சூடான வாயு பிளேட்டுகளில் மோதிச் சுழற்றுகிறது. வாயு எவ்வளவு சூடோ, அதே எண்ணெயில் அவ்வளவு கூடுதல் வேலை எடுக்கலாம். நவீன இயந்திரங்களில் அது 1,500 பாகை செல்சியஸையும் தாண்டும். பிளேட் செய்யும் நிக்கல் கலப்புலோகமோ ஏறத்தாழ 1,300 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும்.

அப்படியானால் பிளேட் எப்படித் தப்புகிறது? அமுக்கிய காற்றில் ஒரு பங்கை எரிக்காமல் பிரித்து, பிளேட்டின் அடிவழியாக உள்ளே அனுப்புகிறார்கள். அது உள்ளே வளைந்து வளைந்து ஓடிச் சூட்டை வாங்கி, மேற்பரப்பிலுள்ள நுண்துளைகளால் வெளியேறி, பிளேட்டின்மேல் மெல்லிய போர்வையாகப் படர்கிறது. கொதிக்கும் தாச்சியில் தெளித்த நீர்த்துளி உடனே வற்றாமல் உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள். துளிக்கும் தாச்சிக்கும் இடையிலுள்ள நீராவிப் படலமே அதைக் காக்கிறது. இங்கே அந்தக் காவல் காற்றுக்கு. அந்தக் 'குளிர்' காற்றே பல நூறு பாகைச் சூடு என்பதுதான் வேடிக்கை.

இதன் தொடக்கமும் போரில்தான். இரண்டாம் உலகப்போரில் நிக்கல் தட்டுப்பாட்டில் தவித்த ஜேர்மனி, யூமோ 004 ஜெட் இயந்திரத்துக்கு உள்ளே காற்று ஓடும் பொள்ளல் பிளேட்டுகளைச் செய்தது.

இதற்கு எதிரிகளும் உண்டு. கடற்காற்றின் உப்பும் எண்ணெயிலுள்ள கந்தகமும் சேர்ந்தால் பிளேட்டை அரிக்கும். துளை அடைபட்டால் அந்த இடம் வெந்துபோகும்.

இப்படிப்பட்ட பிளேட் செய்யத் தெரிந்த நாடுகள் சிலவே. ஹெலிகொப்டர் இயந்திரத்துக்காக ஒற்றைப் படிக பிளேட்டுகள் 60ஐ இந்தியாவின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2021இல்தான் செய்து கொடுத்தது. நாமோ எண்ணெயையும் பிளேட்டையும் டொலர் கொடுத்தே வாங்குகிறோம். இரண்டின் விலையும் கடைசியில் வந்து சேர்வது நம் வீட்டு மின்கட்டணத்தில்தான்.